“அங்கேயும் இதேதானே இருக்கும்?” – பங்காளிப் பூங்காக்களும் செட்டிநாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் பயண அலுவலகத்தில் இரண்டு மேசைகள் இருக்கின்றன. ஒன்றில் உள்ளூர்க்காரர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலை நடக்கிறது: சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், கையிருப்பு தாராளமாக இருந்தால் ஜப்பான். மற்றதில் வெளியூர்க்காரர்களை அழைத்து வந்து செட்டிநாட்டின் வளவு (நடு முற்றம்) வைத்த வீடுகளையும் கோயில்களையும் காட்டும் வேலை. முதல் மேசைக்கு வருபவர் டிஸ்னி பூங்காக்களைப் பற்றிக் கேட்பார், இரண்டாம் மேசைக்கு வருபவர் பெரிய வீடுகளுக்குப் பேர்போன கானாடுகாத்தான் ஊரைப் பற்றிக் கேட்பார். கேள்வி என்னவோ ஒன்றுதான்: “அங்கேயும் இதேதானே இருக்கும்?” பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

பங்காளிப் பூங்கா என்றால் என்ன?

நான் வைத்த பெயர். ஒரே நிறுவனம் பல ஊர்களில் நடத்தும் கேளிக்கைப் பூங்காக்களைச் சொல்கிறேன். டிஸ்னிக்குக் கலிபோர்னியா, புளோரிடா, டோக்கியோ, பாரிஸ், ஹாங்காங், ஷாங்காய் என்று ஆறு இடங்கள். டோக்கியோவில் மட்டும் நடத்துவது ஒரு ஜப்பானிய நிறுவனம், பெயரும் சரக்கும் டிஸ்னியுடையவை. யுனிவர்சலுக்கு ஹாலிவுட், ஆர்லாண்டோ, ஒசாகா, சிங்கப்பூர், பெய்ஜிங். நமக்குப் பக்கத்தில் வொண்டர்லா: கொச்சியில் 2000இல் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கியது, 2005இல் பெங்களூரு, 2016இல் ஹைதராபாத், 2024இல் புவனேசுவரம், பிறகு சென்னைக்கு அருகே ஒன்று. குலம் ஒன்று, வீடு வேறு. பங்காளிகள் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஒரே ராட்டினத்தையும் ஒரே சவாரியையும் ஏன் எல்லா ஊரிலும் வைக்கிறார்கள்?

காசு. ஒரு பெரிய சவாரியை முதன்முதலாக உருவாக்கும்போது கதை எழுதுவது, வரைபடம் போடுவது, மாதிரி செய்து உடைத்துப் பார்ப்பது, பாதுகாப்புச் சோதனை என்று பணம் தண்ணீராக ஓடும். இரண்டாவது ஊரில் அதையே கட்டும்போது அந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். உதிரிப்பாகம் பொதுவாகிவிடும். ஓரிடத்தில் தவறு கண்டுபிடித்தால் எல்லா இடத்திலும் திருத்திக்கொள்ளலாம். பழக்கப்பட்ட பணியாளர் ஒருவர் அடுத்த ஊருக்குப் போய்ப் புதியவர்களைப் பழக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. விளம்பரத்தில் ஒரு முறை மனதில் பதிந்துவிட்ட பொருளை மக்களே கேட்டு வாங்குவார்கள். கரீபியன் கடற்கொள்ளையர் சவாரி கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1967இல் திறந்தது. 1971இல் புளோரிடாவில் பெரிய பூங்கா திறந்தபோது அதை அங்கே வைக்கவில்லை. கரீபியன் கடலே கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது பொம்மைக் கொள்ளையரை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தார்கள். வந்தவர்களோ வாசலிலேயே “கொள்ளையர் எங்கே?” என்று கேட்டார்கள். 1973 இறுதியில் அவசரமாகச் சற்றுச் சுருக்கிக் கட்டித் திறந்தார்கள்.

பிரதி வந்தால் மூலத்துக்குக் கூட்டம் குறையாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். குறைய வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். பெரும்பாலும் குறைவதில்லை. காரணம் தூரம்.

கலிபோர்னியாப் பூங்காவுக்கும் புளோரிடாப் பூங்காவுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். முதலாவதற்கு அக்கம்பக்கத்து மக்கள் ஆண்டுக்குப் பலமுறை போய்வருவார்கள். இரண்டாவதற்கு விமானம் ஏறி வந்து நாலைந்து நாள் தங்குவார்கள். ஒருவர் வாடிக்கையை இன்னொருவர் பறிக்க வழியே இல்லை. ஹாரி பாட்டர் பகுதி ஆர்லாண்டோவில் 2010இல் திறந்தது, 2014 ஜூலையில் ஒசாகாவுக்கு வந்தது. அப்பட்டமான பிரதி. ஆனால் அந்த நிதியாண்டில் ஒசாகாப் பூங்காவின் வருகை ஒரு கோடி சொச்சத்திலிருந்து சுமார் 1.27 கோடிக்கு ஏறியது. அந்தக் கூட்டம் ஆர்லாண்டோவுக்குப் போகவிருந்த கூட்டமல்ல. ஜப்பானிலும் கொரியாவிலும் தைவானிலும் இருந்து கிளம்பிய கூட்டம்.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க நான் டிஸ்னிக்குப் போவதில்லை, தண்டாயுதபாணிக்குப் போகிறேன். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வட்டித்தொழிலுக்காகக் கடல் கடந்த இடங்களிலெல்லாம் முதலில் கிட்டங்கி (தொழில் நடத்தும் இடம்) வைத்தார்கள், அடுத்து தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பினாங்கு, ரங்கூன், சைகோன் என்று வரிசையாக முருகன் நின்றான். பழனிக்குக் கூட்டம் குறைந்ததா? இன்றும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நகரத்தார் காவடி குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பேரன் அங்கே தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தாலும், விடுப்பு கிடைத்த ஆண்டில் இங்கே வந்து நடக்கிறான். திருமலை தேவஸ்தானம் கன்னியாகுமரியில் 2019இல் ஒரு வேங்கடேசர் கோயிலைத் திறந்தது, 2023இல் ஜம்முவில் ஒன்று. நம் அரியக்குடிப் பெருமாள் கோயிலைத் தென் திருப்பதி என்கிறோம். திருமலை வரிசை ஓர் அடி குட்டையானதாக யாராவது வந்து சொல்லியிருக்கிறார்களா?

பிரதியைப் பார்த்தவன் வயிறு நிறைந்து எழுந்துவிடுவதில்லை, பசி கிளம்பித்தான் எழுகிறான். ஆனால் இதற்கு விதிவிலக்கு இருக்கிறது. அது அடுத்த கேள்வியில்.

அப்படியானால் பிரதியால் நட்டமே இல்லையா?

இருக்கிறது. நான் பார்த்தவரை இரண்டு விதத்தில்.

முதலாவது, புதிய இடம் முழுக்க முழுக்கப் பிரதியாகவே இருப்பது. ஹாங்காங் டிஸ்னிலாந்து 2005இல் திறந்தபோது கோட்டைகூட 1955ஆம் ஆண்டுக் கலிபோர்னியாக் கோட்டையின் அச்சு. சவாரிகளும் குறைவு, இருந்தவற்றில் பெரும்பாலானவை வேறு ஊரில் ஏற்கெனவே ஓடியவை. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. விமானம் ஏறி வருகிறவன் டோக்கியோவுக்கே போய்விடுவான் அல்லவா? அங்கே சவாரிகளும் அதிகம், 2001இல் திறந்த டிஸ்னிசீ என்ற இரண்டாவது பூங்காவும் இருக்கிறது. டிஸ்னிசீயில் எரிமலைக்குள் போகும் சவாரி ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் அது இல்லை. அதற்காகவே அமெரிக்காவிலிருந்து டோக்கியோவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஹாங்காங்கும் பிறகு விழித்துக்கொண்டது. 2013இல் மிஸ்டிக் மேனர் என்ற மாளிகையைத் திறந்தது. மற்ற டிஸ்னிப் பூங்காக்கள் பலவற்றில் இருப்பது பேய் மாளிகை. இங்கே பேயே கிடையாது: ஊர் ஊராகப் பொருள் சேர்த்த ஒரு கனவான், அவருடைய குறும்புக் குரங்கு, திறக்கக் கூடாத ஓர் இசைப்பெட்டி. இன்று ஹாங்காங் போய்வரும் எங்கள் வாடிக்கையாளர்கள் திரும்பி வந்து பேசுவது அதைப் பற்றித்தான். கோட்டையையும் 2020இல் மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது நட்டம் இன்னும் வேடிக்கையானது. வாசலுக்கு வெளியே அசல் இருக்கும்போது உள்ளே நகல் வைப்பது. டிஸ்னி 2001இல் கலிபோர்னியாவிலேயே கலிபோர்னியாவைக் காட்டும் பூங்கா ஒன்றைத் திறந்தது. கடற்கரைப் பொழுதுபோக்கு, திராட்சைத் தோட்டம், ஹாலிவுட் தெரு. வந்தவன் தன் காரில் அரை மணி நேரம் போனால் இவற்றில் பாதியை நிஜமாகவே பார்க்கலாம். கூட்டம் சுணங்கியது. பெருஞ்செலவில் திருத்தி 2012இல்தான் மீட்டெடுத்தார்கள். புளோரிடாவில் கொள்ளையரை மக்களே கேட்டு வாங்கினார்களே, இங்கே ஏன் வேண்டாம் என்றார்கள் என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் மடக்கினார். நல்ல கேள்வி. பக்கத்தில் கரீபியன் கடல் இருக்கலாம், அதில் கொள்ளையர் இப்போது இல்லை. கதையை நகல் எடுக்கலாம். எட்டிப் பார்த்தால் தெரிகிற கடற்கரையை நகல் எடுத்து டிக்கெட் போட முடியாது.

சிங்கப்பூர் யுனிவர்சல் பார்த்துவிட்டோம். ஒசாகாவுக்கும் போக வேண்டுமா?

டிரான்ஸ்பார்மர்ஸ் சவாரி பார்த்துவிட்டீர்களா? அது 2011இல் சிங்கப்பூரில்தான் முதலில் வந்தது, பிறகுதான் ஹாலிவுட்டும் ஆர்லாண்டோவும். அதாவது அந்த விஷயத்தில் நீங்கள் மூலத்தையே பார்த்துவிட்டீர்கள், அமெரிக்காவில் இருப்பது பிரதி. சிங்கப்பூரில் ஹாரி பாட்டர் கிடையாது. நிண்டெண்டோ பகுதி 2021இல் ஒசாகாவில் முதலில் திறந்தது, பிறகு ஹாலிவுட்டுக்கும் ஆர்லாண்டோவுக்கும் போனது. பிள்ளைகளுக்கு இந்த இரண்டில் ஒன்றின் மேல் பைத்தியம் என்றால் ஒசாகா போங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் கியோட்டோவில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள். இந்த ஆலோசனையால் எங்களுக்குக் கமிஷன் குறையும். பரவாயில்லை.

பெங்களூரு வொண்டர்லா போனவர்கள் கொச்சிக்கும் போகலாமா?

அதற்காகவே போக வேண்டாம். கொச்சிக்கு வேறு வேலையாகப் போனால் ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த நிறுவனம் தன் சவாரிகளில் பலவற்றைத் தன் சொந்தப் பட்டறையிலேயே செய்துகொள்கிறது. ஆகவே குடும்பச் சாயல் இருக்கத்தான் செய்யும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூருக்காரர் கொச்சிக்கு வர வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு நகரத்துக்கும் அதன் சுற்றுவட்டாரமே போதும் என்பதுதான் கணக்கு.

ஒரே பெயர் உள்ள சவாரிகள் எல்லாம் உண்மையிலேயே ஒன்றா?

பெயரை நம்பாதீர்கள். திகில் கோபுரம் என்று ஒன்று உண்டு, லிப்ட் அறுந்து விழுவது போல உங்களைக் கீழே போடுவார்கள். புளோரிடாவில் 1994இல் வந்தபோது அது ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரை ஒட்டிய கதை. டோக்கியோவில் 2006இல் கட்டியபோது கதையையே மாற்றி, ஊர் ஊராகப் பொருள்களை அபகரித்து வந்த ஒரு சீமானின் விடுதி, அங்கே ஒரு சாபச் சிலை என்று வைத்தார்கள். கலிபோர்னியாவில் இருந்த பிரதியை 2017இல் அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டார்கள். கடற்கொள்ளையர் சவாரியும் அப்படித்தான், 2016இல் ஷாங்காயில் வந்தது பெயரில் மட்டுமே பழையது. நம் வீட்டுச் சமையலும் இப்படித்தானே. கும்மாயம் என்று நாலு வீட்டில் கேட்டால் நாலு பதம் கிடைக்கும்.

பூங்கா வந்த ஊருக்கு என்ன லாபம்? விடுதிக்காரர், கார் ஓட்டுநர் நிலைமை என்ன?

அந்தப் பூங்காவில் மட்டுமே கிடைப்பது எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அங்கே மட்டும் உள்ள ஒன்றுக்காக வருகிறவர் தூரத்திலிருந்து வருவார், இரவு தங்குவார், மறுநாள் ஊரைச் சுற்றுவார், திரும்பும்போது உறவுக்காரருக்கு ஏதாவது வாங்குவார். எங்கும் கிடைப்பதற்காக வருகிறவர் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புவார். பூங்காவுக்குள் இருவரும் வாங்கும் டிக்கெட் ஒன்றுதான், முதலாளிக்கு வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரிவது வாசலுக்கு வெளியே இருப்பவருக்கு. ஆகவே பிரதிகளால் சுற்றுலா வளர்கிறதா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன்: தலையை எண்ணுகிறீர்களா, இரவுகளை எண்ணுகிறீர்களா?

இதெல்லாம் சரி. செட்டிநாட்டுக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. முன்பு 96 என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. நகரத்தாரின் குலப்பிரிவுகளுக்கென்று ஒன்பது நகரக் கோயில்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. ஊர் தோறும் ஊருணி, நேர்கோட்டுத் தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி. எல்லாம் உண்மை. சிக்கல் என்னவென்றால், நாங்கள் எல்லோரும் எல்லா ஊரிலும் இதே வாக்கியத்தைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் மூன்று இரவுக்கு வந்தது. முதல் நாள் ஓர் ஊரில் ஒரு வீடு: முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, தொட்டுப் பாருங்கள் எவ்வளவு வழவழப்பு. வாழையிலைச் சாப்பாடு. இரண்டாம் நாள் வேறோர் ஊர், வேறொரு வீடு: முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, முட்டை வெள்ளைக்கரு, தொட்டுப் பாருங்கள். அதே வாழையிலை, அதே கோழி வறுவல். மாலையில் அந்த வீட்டுப் பாட்டியம்மா என்னைத் தனியாக அழைத்து, “தம்பி, நாளைக்கும் முட்டைக் கதைதானா? அப்படியென்றால் நாங்கள் பிள்ளையார்பட்டியைப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிறோமே” என்றார். கிளம்பிவிட்டார்கள். மூன்றாம் இரவுக்கான வாடகை போயிற்று. தவறு முழுக்க என்னுடையது. வழித்திட்டம் போட்டவன் நான்தான்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கொச்சிக்கும் பெங்களூருக்கும் ஒரே சவாரியை வைக்கலாம், இரண்டையும் ஒரே ஆள் பார்க்கப்போவதில்லை. கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் காரைக்குடிக்கும் ஒரே நிகழ்ச்சியை வைக்க முடியாது. முப்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒரே விருந்தாளி மூன்றையும் பார்க்கிறார். தூரம் இருந்தால் பிரதி பிழைக்கும். பக்கத்து ஊரில் அதே பிரதி இருந்தால் இரண்டு ஊரும் சேர்ந்து ஓர் இரவாகச் சுருங்கிவிடும்.

அப்படியானால் இரண்டு மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

இதற்கு விடையும் ஒரு பூங்காவிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது. ஒசாகாவில் ஹாரி பாட்டர் பிரதி திறந்த அதே 2014 ஜூலையில், ஆர்லாண்டோவில் யுனிவர்சல் வேறொரு காரியம் செய்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தன் இரண்டு பூங்காக்களில் ஒன்றில் ஏற்கெனவே மந்திரவாதிகளின் கிராமம் இருந்தது. இரண்டாவதில் அதையே திரும்பக் கட்டாமல், அந்தக் கதையில் வரும் இலண்டன் கடைத்தெருவைக் கட்டியது. இரண்டுக்கும் நடுவே ரயில் விட்டது. ரயில் ஏற வேண்டுமானால் இரண்டு பூங்காவுக்கும் செல்லுபடியாகும் டிக்கெட் வேண்டும். போகும்போது சன்னலில் ஒரு காட்சி, வரும்போது வேறொரு காட்சி. பாதிக் கதை இங்கே, மீதி அங்கே. பங்காளிகள் சண்டை போடாமல் சொத்தைப் பிரித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் போடும் வழித்திட்டம் இது. வீட்டின் கட்டமைப்பைப் பற்றிய முழு விளக்கம் கானாடுகாத்தானில் மட்டும். அங்கேதான் அரண்மனையும் நீண்ட தெருக்களும் இருக்கின்றன, காலை வெயிலில் நடந்து பார்க்கலாம். வேறு எந்த ஊரிலும் முட்டை வெள்ளைக்கருவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று என்னோடு வரும் பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் (டைல்) செய்வதைப் பார்ப்பது. அங்கே பெரிய வீட்டுக்குள் போனாலும் தரையையும் மேற்கூரையின் வண்ணத்தையும் மட்டும் பேசுவது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள், கண்டாங்கித் தறி, மாலையில் கொப்புடையம்மன் கோயில். புத்தகம் படிக்கிறவர் என்றால் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் கதை, அங்கிருந்து கம்பர் அடங்கியதாகச் சொல்லும் நாட்டரசன்கோட்டை, கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி. குழந்தைகள் இருந்தால் திருமயம் கோட்டை, ஏறி இறங்கிக் களைத்துப்போவார்கள். சாப்பாட்டையும் பிரித்துவிட்டேன். ஒரு வேளைதான் அசைவ விருந்து. இன்னொரு நாள் வெள்ளைப் பணியாரமும் மசாலாச் சீயமும் கொண்ட பலகாரம், கடைசி நாள் கவுனி அரிசி. நாலில் மூன்று குடும்பங்களாவது இப்போது சொன்ன இரவுகளை முழுதாகத் தங்குகின்றன.

எல்லா வீட்டுக்காரரும் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. “எங்கள் வீட்டில் மட்டும் ஏன் வளவைப் பற்றிப் பேசக் கூடாது?” என்று ஒருவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசி ஆறு மாதம் ஆகிறது.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டோம். காரைக்குடிக்கு வரத்தான் வேண்டுமா?

1996இல் திறந்த அந்த இடம் பிரதி அல்ல, இடம்பெயர்ந்த அசல் என்று சொல்வதே நியாயம். பிரித்தெடுத்த பழைய வீட்டுப் பகுதிகளைக் கொண்டு கட்டியிருக்கிறார்கள், அக்கறையோடு வைத்திருக்கிறார்கள். சென்னைப் பள்ளிப் பிள்ளைகள் நானூறு கிலோமீட்டர் பயணம் செய்யாமல் ஒரு வளவில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. எங்களுக்கு வரும் குடும்பங்களில் கணிசமானவர்கள் அதைப் பார்த்துவிட்டு, தெருவே இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டு வருகிறவர்கள். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு செட்டிநாட்டு வீடு இல்லை, அதற்கப்பால் ஊருணி இல்லை, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்து கூடும் பங்காளிகள் இல்லை. வாருங்கள்.

யாராவது ஒரு முழு செட்டிநாட்டு ஊரையே வேறெங்காவது கட்டிவிட்டால்?

கட்டட்டும். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்று ஏரிக்கரைச் சிற்றூர், எண்ணூறு பேர்கூடத் தேறாது. அதை அப்படியே சீனாவின் குவாங்டங் மாகாணத்தில் கட்டி 2012இல் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் முதலில் கொதித்தார்கள். பிறகு நடந்தது என்ன? பிரதியைப் பார்த்த சீனர்கள் அசலைத் தேடி வந்தார்கள். உச்சப் பருவத்தில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர்வரை வரத் தொடங்கி, 2023இல் ஊர்க்காரர்களே சாலையை மறித்து “போதும்” என்று போராடும் நிலை வந்தது. படம் எடுக்கும் இடத்தில் காட்சியை மறைத்து வேலி வைத்துப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே எனக்குப் பிரதியைக் கண்டு பயமில்லை. கானாடுகாத்தான் தெருவில் பத்தாயிரம் பேர் நின்றால் கழிப்பறைக்கு எங்கே போவார்கள் என்பதுதான் என் பயம்.

உலகெங்கும் செட்டிநாடு உணவகங்கள் இருக்கின்றனவே, அவை எங்களை உங்கள் ஊருக்கு வரவிடாமல் செய்கின்றனவா?

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். வந்து, இங்கே குழம்பு அவ்வளவு காரமாக இல்லையே என்று ஏமாறுகிறார்கள். காரம் எங்கள் தவறல்ல.

காரைக்குடிக் கடைகளில் பழைய தூண் வாங்கிப் போய் என் பண்ணை வீட்டில் வைத்தால் அதுவும் பிரதிதானே?

இல்லை. பிரதி எடுத்தால் மூலம் மூலமாகவே நிற்கும். நீங்கள் தூணை எடுத்துப்போனால் இங்கே ஒரு கூரை இறங்கியிருக்கிறது. நாற்பது பங்காளிகளுக்குப் பங்குள்ள வீட்டைப் பழுதுபார்க்க யாரும் முன்வராதபோது பிரித்து விற்பதுதான் எளிது, அவர்களையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் புதுத் தேக்கில் அதே வேலைப்பாட்டைச் செய்து தரும் ஆசாரிகள் இன்றும் இருக்கிறார்கள். தூண் வேண்டுமென்றால் அவர்களிடம் கேளுங்கள். பித்தளைப் பாத்திரமும் எனாமல் தட்டும் தாராளமாகக் கடையில் வாங்குங்கள்.

செட்டிநாட்டுக்குள்ளேயே புதிதாக ‘செட்டிநாட்டுப் பாணி’ விடுதி கட்டலாமா?

கலிபோர்னியாவில் கலிபோர்னியாப் பூங்கா கட்டிய கதையை மேலே சொல்லிவிட்டேன். பூட்டிக் கிடக்கும் வீட்டில் பத்து அறையைத் திறந்து கழிப்பறை கட்டினால் போதாதா? உரிமை ஆவணம் தொல்லைதான், தெரியும்.

வீட்டுக்காரர்கள் சில வீடுகளில் உள்ளே விடமாட்டேன் என்கிறார்களே?

அவை வீடுகள், காட்சிசாலைகள் அல்ல. 1941இல் கட்டிய ஆயிரம் சன்னல் வீட்டைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு நகருங்கள், அதுவே போதும். பிரான்சில் லாஸ்கோ என்ற குகையின் ஆதி ஓவியங்கள் பார்வையாளர் மூச்சுக்காற்றிலேயே கெடத் தொடங்கியதால் 1963இல் குகையை மூடிவிட்டார்கள். 1983இல் பக்கத்தில் ஒரு பிரதிக் குகை, 2016இல் இன்னும் முழுமையான ஒன்று. மக்கள் அவற்றைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். நகலுக்கு அருகிலேயே அசல் இருந்தும் நகல் பிழைப்பது அசலுக்குள் யாரையும் விடாததால்தான். என்றாவது ஒரு நாள் இங்கேயும் ஒரு வளவை அப்படிக் கட்ட வேண்டிவரலாம். ஆத்தங்குடித் தரையில் பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் விருந்தாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள் சீக்கிரம் வந்துவிடும் என்று தோன்றுகிறது. பெட்டியைத் தூக்கிச் செல்லுங்கள், தயவுசெய்து.

பூங்காவுக்குப் போகலாம் என்று அழும் பிள்ளைகளைச் செட்டிநாட்டில் எப்படிச் சமாளிப்பது?

ஆத்தங்குடியில் கல் செய்யும் கொட்டகைக்கு அழைத்துப் போங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்குவார்கள். பூ கலங்காமல் நிற்கும். பிறகு உலர்ந்த கலவையைத் தூவி, மேலே சாந்து போட்டு நிரவி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். கேட்டால் பிள்ளைகளையும் ஒரு கல் ஊற்ற விடுவார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு சிறுமி நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகிப்போன கல்லைத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். நன்றாக ஊறிக் காய நாளாகும், கையோடு எடுத்துப்போக முடியாது என்று சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். கல் இன்னும் கொட்டகை மூலையில் சாய்ந்து நிற்கிறது.